நுரையீரலின் ஒரே மொழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று நமக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்போ 'சுவாச உறுப்புகள்' என்பதாகும். நாம் மருத்துவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்து, புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதி வரும் எழுத்தரே. ஆயினும் மூச்சு விடுவதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. அம்மூச்சு எவ்வழிச் சென்று எவ்வழி மீள்கின்றது என்பதை அறிந்துகொள்வதற்கும் பட்டம் வேண்டுவதில்லை. மேலும் இப்பொருள் இலக்கியத்திற்குப் புறம்பானதும் அன்று. அதனைப் பேச்சின் பிற்பகுதியில் காண்போம்.

கணக்கு எழுதிப் பழகிய கை ஆதலின், முதலில் மூச்சின் கணக்கைப் பார்ப்போம். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறக்குறைய 15 முறை மூச்சு விடுகின்றார். அஃதாவது மணிக்கு 900, நாளொன்றுக்கு 21,600. நம் யோக நூலோர் பண்டே வகுத்துச் சென்ற எண்ணும் இதுவே. ஒரு மூச்சில் உட்புகும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர். ஆகவே ஒரு நாளில் நாம் உட்கொள்ளும் காற்று 10,800 லிட்டர். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 720 குடம்! நாம் பருகும் நீரோ நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டரே. அந்த நீரை வடிகட்டுகின்றோம், கொதிக்க வைக்கின்றோம், இந்த ஊர் வழக்கப்படி பதிமுகம் இட்டுச் சிவக்க வைத்தும் பருகுகின்றோம். 720 குடம் காற்றைப் பற்றி ஒரு நாளேனும் எண்ணியதுண்டா?

நாம் எண்ணாவிடினும் நம் உடல் எண்ணுகின்றது. மூக்கினுள்ளே இருக்கும் மயிர்கள் பெரிய தூசியைத் தடுக்கின்றன. அங்குள்ள ஈரமான சவ்வு காற்றைச் சூடாக்கி, நனைத்து, உள்ளே அனுப்புகின்றது. வாயால் மூச்சு விடுவோர் இந்தக் காவலை இழக்கின்றனர். அப்பால் தொண்டை. அங்கே சோற்றுக்கும் காற்றுக்கும் பொதுவழி. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி கவிந்து, சோறு காற்றின் வழியிற் புகாதவாறு காக்கின்றது. உண்ணும்போது பேசிச் சிரிக்கும் குழந்தைகட்குப் புரையேறுவது இந்த மூடி ஒரு கணம் தவறுவதனால்தான்.

குரல்வளைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு அங்குல நீளமுள்ள மூச்சுக்குழாய். குருத்தெலும்பு வளையங்கள் அது சுருங்கி ஒட்டாமல் தாங்கி நிற்கின்றன. கீழே அது வலம், இடம் என இரு கிளைகளாகப் பிரிகின்றது. வலக்கிளை சற்றுப் பருத்தது, நேராகக் கீழ்நோக்கியது. சிறு குழந்தை நிலக்கடலையையோ சட்டைப் பொத்தானையோ மூச்சோடு உள்ளிழுத்துவிட்டால், பெரும்பாலும் அது வலப்பக்கமே சென்று தங்கும். தாய்மார்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இக்கிளைகள் மேலும் மேலும் பிரிகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏறத்தாழ 23 முறை கிளைக்கின்றன. ஒவ்வொரு நுனியிலும் கொத்துக் கொத்தாகக் காற்று நுண்ணறைகள். இரு நுரையீரல்களிலும் சேர்ந்து இவை முப்பது கோடிக்குக் குறையா. தமிழன் இவ்வுறுப்புக்கு இட்ட பெயரை எண்ணிப் பாருங்கள்: நுரை ஈரல்! உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாத காலத்திலேயே, நுரைபோல் காற்றுக் குமிழிகள் நிறைந்தது இது என்று கண்டு பெயரிட்டனர். நம் அண்டை வீட்டு மலையாள அன்பர்கள் இதனையே சுவாசகோசம் என்பர். மூச்சின் உறை என்பது பொருள். இரண்டும் அழகிய பெயர்களே.

இந்நுண்ணறைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். காலனியில் நாம் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டின் தரையைவிடப் பெரிது! அத்தனையும் நெஞ்சுக்கூட்டினுள் மடிந்து அடங்கியுள்ளது. சுவரின் ஒருபுறம் காற்று. மறுபுறம் மயிரினும் நுண்ணிய நாளங்களில் இரத்தம். இடையிலுள்ள திரையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. இரத்தம் அங்கே நிற்பது முக்கால் வினாடியே. அதற்குள் பிராணவாயு உள்ளே செல்கின்றது; கரியமில வாயு வெளியே வருகின்றது. வெளிக்காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. நாம் விடும் மூச்சில் அது 16 பங்காகக் குறைந்திருக்கும். இவ்வரவு செலவு பிறந்த கணம் முதல் இறுதிக் கணம் வரை ஒரு நாளும் விடுமுறையின்றி நடைபெறுகின்றது.

இத்துணைப் பெரிய வேலையைச் செய்யும் நுரையீரலுக்குத் தானாக விரிந்து சுருங்கும் தசை இல்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்திரை கீழிறங்க, விலா எலும்புகளின் இடைத்தசைகள் கூட்டை உயர்த்த, துருத்தி விரிவதுபோல் மார்பு விரிகின்றது, காற்று உட்புகுகின்றது. தசைகள் தளர, காற்று வெளியேறுகின்றது. நாம் உறங்கும்போதும் மூளையின் அடியிலுள்ள முகுளம், இரத்தத்தில் கரியமில வாயு மிகுகின்றதா என்று கண்காணித்து, மூச்சை விரைவாக்கவும் தணிக்கவும் ஆணையிட்ட வண்ணம் உள்ளது.

அன்பர்களே! இனிக் கூறப்போவதே இப்பேச்சின் உயிர்நிலை. இத்துணைச் சிறந்த நுரையீரலுக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை! பல் நொந்தால் இரவெல்லாம் துடிக்கின்றோம். விரலில் முள் தைத்தால் அலறுகின்றோம். நுரையீரலின் உட்பகுதியில் புண் விழுந்தாலும், அரித்துக் குழி விழுந்தாலும், அது வலிக்காது. நெஞ்சுக்கூட்டை உட்புறம் போர்த்திய உறைக்குத்தான் வலி தெரியும். நோய் அந்த உறையைத் தொடும்வரை வலி என்னும் தூதுவன் வரமாட்டான்.

அங்ஙனமாயின் நுரையீரல் தன் துன்பத்தை எவ்வாறு கூறும்? அதற்கு இருமல் ஒன்றே மொழி. குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் அதன் கிளைகளிலும் காவலாளரைப் போன்ற நரம்பு நுனிகள் உள்ளன. தூசியோ சளியோ அவற்றைத் தீண்டினால், நாம் ஆழ்ந்து மூச்சிழுக்கின்றோம், குரல்வளை அடைபடுகின்றது, வயிற்றுத் தசைகள் இறுகி அழுத்துகின்றன, சட்டென்று கதவு திறக்க, காற்று பெருவேகத்தோடு பகையை வெளியே தள்ளுகின்றது. நுண்ணறைகளிலோ இக்காவலர் இல்லை. அங்கே தோன்றும் நோய், அதன் கசிவு குழாய்க்கு வந்து சேர்ந்த பின்னரே இருமலாக ஒலிக்கும். ஆகவே நெடுநாள் இருமல் என்பது, உள்ளறையில் நேர்ந்த துன்பத்தின் செய்தியாகவும் இருக்கலாம்.

இருமல் யாவும் கொடிய நோயின் அறிகுறி என்று அஞ்சற்க. இருபருவ மழையும் பெய்யும் இவ்வூரில் வீட்டுச் சுவர் ஓதம் கட்டிப் பூஞ்சை படர்கின்றது. அதனால் ஈளை நோய் உடையோர்க்கு இரவில் இளைப்பும் இருமலும் உண்டாகும். அதற்கு உள்ளிழுக்கும் மருந்துகள் உள்ளன. கொசுவர்த்திச் சுருளின் புகையும் விறகடுப்பின் புகையும் குழாய்களை உறுத்தும். பீடியும் சிகரெட்டும் செய்யும் தீங்கோ பெரிது. குழாய்களின் உட்சுவரில் நெற்பயிர்போல் அசைந்தாடும் நுண்மயிர்கள், தூசி ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புகையிலைப் புகை அவற்றை முடக்கிவிடுகின்றது. துடைப்பம் ஓய்ந்த வீட்டில் குப்பை சேர்வதுபோல் சளி சேர்கின்றது. புகைப்பவர் காலையில் எழுந்ததும் இருமுவது இதனாலேயே.

இவையன்றி இன்னொரு காரணம் உண்டு. அதுவே க்ஷயம் எனவும், காசம் எனவும், எலும்புருக்கி எனவும் நம் முன்னோர் அஞ்சி அழைத்த நோய். அதனை விளைவிக்கும் கிருமியைக் கண்டறிந்ததாக 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லினில் இராபர்ட் காக் என்னும் அறிஞர் அறிவித்தார். நோயாளி இருமும்போது தெறிக்கும் மிக நுண்ணிய திவலைகளில் அக்கிருமி மிதந்து, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் உலவி, பிறர் மூச்சோடு நுண்ணறை வரை செல்லும். தட்டாலும் தம்ளராலும் துணியாலும் அது பரவுவதில்லை. கிருமி புகுந்த யாவர்க்கும் நோய் வருவதுமில்லை; நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு உடலே அதனை அடக்கி வைத்துவிடும். ஊட்டம் குறைந்தோர்க்கும், புகைப்போர்க்கும், நீரிழிவு உடையோர்க்கும் நோய் மூளும் வாய்ப்பு மிகுதி.

இப்பொருள் இலக்கியத்திற்குப் புறம்பானது அன்று எனத் தொடக்கத்தில் கூறினோம். அதற்குச் சான்று இத்திருவனந்தபுரமே. தமிழ்ச் சிறுகதையின் தலைமகன் எனப் போற்றப்பெறும் புதுமைப்பித்தன் அவர்கள், சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடையவர், திரைப்படப் பணிக்காகப் புனே நகர் சென்றிருந்தபோது க்ஷயம் முற்றியது. 1948-ஆம் ஆண்டு மே மாதம், தம் துணைவியார் கமலா அம்மையாரின் ஊராகிய இத்திருவனந்தபுரத்திற்கு மெலிந்த உடலோடு வந்து சேர்ந்தார். ஜூன் 30-ஆம் நாள் இங்கேயே உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 42.

அதற்குப் பதின்மூன்று நாட்கள் முன்னர், ஜூன் 17-ஆம் நாள், திருச்சூரில் மலையாளக் கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ணபிள்ளை அவர்கள் அதே நோயால் மறைந்தார். அவருக்கு வயது 36. ஒரே மாதத்தில், ஒரே நோய், இரு மொழிகளின் இரு பெருஞ்செல்வங்களைக் கொண்டு சென்றது! அவர்கள் இன்னும் இருபது ஆண்டுகள் மூச்சு விட்டிருந்தால் தமிழும் மலையாளமும் எவ்வளவு பெற்றிருக்கும்!

இதில் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும் அக்காலத்தில் அது கிடைத்தற்கரியது, விலையும் மிகுந்தது. அதன் ஆற்றலை முறைப்படி சோதித்த பிரிட்டிஷ் ஆராய்ச்சியின் முடிவு, புதுமைப்பித்தன் மறைந்து சரியாக நான்கு மாதங்கள் சென்றபின், 1948 அக்டோபர் 30-ஆம் நாள் வெளிவந்தது. 107 நோயாளிகளுள் மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தோர் நால்வர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தோர் 14 பேர். எனினும் ஒரே மருந்தை நெடுநாள் கொடுத்தால் கிருமி அதற்கு இசைந்து வலிமை பெறுவதையும் அவ்வாராய்ச்சி காட்டியது. அதனாலேயே இன்றும் பல மருந்துகளைச் சேர்த்து, பெரும்பாலும் ஆறு மாதம் இடைவிடாது தருகின்றனர். உடல் தேறியது என எண்ணி இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்துபவர் தமக்கும் தம் இல்லத்தார்க்கும் தீங்கு தேடிக்கொள்கின்றார்.

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் பெருமை உண்டு. 1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து, தொலைவிலுள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைப்பதே முறை. சென்னை அறிஞர்கள் நோயாளிகளை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மறு பகுதியினர் நெருக்கடியான தம் எளிய இல்லங்களிலேயே. இருவர்க்கும் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்தனர், அவர்தம் இல்லத்தார்க்கு நோய் மிகுதியாகப் பற்றவும் இல்லை. உலகெங்கும் மருத்துவ முறை மாறுவதற்கு இது வழிகாட்டியது. மருந்து உண்ணும் நோயாளியை விலக்கி வைக்க வேண்டுவதில்லை என்பதை உலகுக்குக் கூறியது சென்னை. அந்நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கின்றது.

மருந்து வந்தது, சானடோரியம் தேவையற்றுப் போயிற்று. பின்னும் இந்நோய் நம்மிடையே நிற்பது ஏன்? வெட்கம் காரணம். நம்மோடு பணிபுரிந்த அன்பர் ஒருவருக்கு இருமல் தொடங்கியது. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம். 'க்ஷயம் என்று ஒரு சொல் வெளியே போனால் சம்பந்தம் முறிந்துவிடும்' என்று அஞ்சி, துளசிக் கஷாயமும் சித்தரத்தையுமாக நான்கு மாதங்களைக் கடத்தினார். மாலைக் காய்ச்சலை வேலைக் களைப்பு என்றார். உடல் இளைத்ததை நடைப்பயிற்சி என்றார். சளியில் இரத்தம் கண்ட பிறகே மருத்துவரிடம் சென்றார். வலது நுரையீரலின் மேற்பகுதியில் குழி விழுந்திருந்தது. அவர் அருகில் உறங்கிய எட்டு வயது மகனுக்கும் நோய் பற்றியிருந்தது. ஆறு மாத மருந்தில் இருவரும் குணமடைந்தனர். திருமணமும் நிகழ்ந்தது. மாப்பிள்ளையின் தந்தையார் பின்னர் செய்தி அறிந்து கூறியது இவ்வளவே: "முன்னமே சொல்லியிருந்தால் நானே கூட வந்திருப்பேனே, சம்பந்தி!" ஆனால் நுரையீரலில் விழுந்த வடு ஆறுவதில்லை. இன்றும் நிலையத்தின் நடைமேம்பாலம் ஏறும்போது அவர் இருமுறை நின்று மூச்சு வாங்குகின்றார். மருந்து கிடைக்காத காலத்தில் இழந்தோர்க்காக வருந்துகின்றோம். மருந்து இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் மறைத்து இழப்போமாயின் யாரை நோவது?

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. மருத்துவமனையில் "எத்ர திவசமாயி சும?" என்று கேட்பர். மலையாளத்தில் சும என்றால் இருமல். எத்தனை நாளாய் இருமல் என்பது வினா. நம் பெரியோரும் தாய்மாரும் மொழி புரியாமலோ, கூச்சத்தாலோ, "இரண்டு நாள்தான்" என்று கூறிவிட்டு, இருமல் மருந்துப் புட்டி ஒன்றோடு வீடு திரும்புகின்றனர். அந்த ஒரு வினாவிற்கு உண்மை விடை கூறினால் பாதி நோய் தீர்ந்தது போலத்தான்.

ஆகவே நினைவிற் கொள்ள வேண்டுவன சில. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், பசியின்மை, எடை குறைதல் இவற்றுள் ஒன்று உடனிருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டா. சளியில் இரத்தம் கண்டால் அன்றே செல்லுதல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்நோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசம். ஊட்ட உணவுக்கென நோயாளிக்கு மைய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் வழங்கி வருகின்றது. இருமும்போது வாயைத் துணியால் மூடுங்கள். பகலில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெயிலும் காற்றும் இக்கிருமிக்குப் பகை. குழந்தை பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடத் தவறாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் குழந்தைகள் உட்பட அனைவரும் சோதனை செய்துகொள்ளுங்கள்.

முடிவாகச் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்திற்கும் குழுக்கள் அமைக்கின்றோம். மலையாளம் நன்கறிந்த இளைஞர் இருவரையும் பெண்மணிகள் இருவரையும் கொண்டு ஒரு சிறு குழு அமைத்தல் ஆகாதா? காலனியில் எவரேனும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கினால், அவர்கள் உடன் சென்று மொழியும் துணையும் ஆகட்டும். எந்த வீட்டிற்குத் துணை சென்றனர் என்பதை எவரிடமும் கூறாத நாநலமும் அவர்களுக்கு வேண்டும். அக்குழுவில் முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.